வீட்டில் ஒருவருக்கு ஃப்ளூ வந்தால் மற்றவர்களைக் காக்க எவ்வளவு நேரம் இருக்கிறது?

சாதாரணச் சளி எப்போது தொடங்கியது என்று கேட்டால் யாருக்கும் சரியாகச் சொல்லத் தெரியாது. ஒரு நாள் தொண்டை கரகரக்கும், மறுநாள் மூக்கு ஒழுகும், அதற்கடுத்த நாள்தான் சளி பிடித்திருப்பதே உறைக்கும். ஃப்ளூ அப்படியில்லை. "மத்தியானம் வரைக்கும் நன்றாகத்தான் இருந்தேன், நாலு மணி இருக்கும், உடம்பை முறுக்கிப் போட்டுவிட்டது" என்று நேரத்தோடு சொல்வார்கள். திடீர்க் காய்ச்சல், குளிர் நடுக்கம், தலைவலி, கை கால் மூட்டெல்லாம் குடைச்சல், வறட்டு இருமல், எழுந்து உட்காரக்கூட மனம் வராத அசதி எல்லாம் சேர்ந்து ஒரே மூச்சில் வந்து இறங்கும்.

குடும்பத்தைக் காப்பதில் உள்ள சிக்கல் இங்கேதான் ஆரம்பிக்கிறது. அந்த நாலு மணிக்கு நோய் வெளியே தெரிந்ததே தவிர, தொற்று அதற்கு முன்பே நடந்து முடிந்துவிட்டது. வைரஸ் உடம்புக்குள் நுழைந்து சராசரியாக 2 நாள், கூடக்குறைய 1 முதல் 4 நாள் கழித்துத்தான் காய்ச்சல் தலைகாட்டும். காய்ச்சல் தெரிவதற்கு ஏறக்குறைய ஒரு நாள் முன்பிருந்தே அவர் மற்றவர்களுக்குப் பரப்பத் தொடங்கிவிடுகிறார். நோய் கண்ட முதல் 3, 4 நாள் பரவல் உச்சத்தில் இருக்கும். பெரியவர்களிடம் 5 முதல் 7 நாளில் அது அடங்கும். சின்னப் பிள்ளைகளும் எதிர்ப்புச் சக்தி குறைந்தவர்களும் அதற்கு மேலும் பரப்பலாம்.

ஆகவே, ஃப்ளூவுக்கு எதிராக நம்மிடம் இருக்கிற ஒவ்வொரு ஆயுதத்துக்கும் ஒரு கெடு உண்டு. தடுப்பூசிக்கு இரண்டு வாரம், மாஸ்க்குக்கு ஒன்றரை நாள், மாத்திரைக்கு இரண்டு நாள். கெடு தாண்டினால் அதே ஆயுதம் மழுங்கிவிடும். கையைக் கழுவுங்கள், ஓய்வெடுங்கள் என்று நாம் வழக்கமாகக் கேட்கிற அறிவுரைகளில் விட்டுப்போவது இந்த நேரக் கணக்குதான்.

ஒவ்வொரு வருடமும் ஏன் திரும்ப வருகிறது?

ஃப்ளூவை உண்டாக்கும் இன்ஃப்ளூயன்சா வைரஸில் ஏ, பி, சி, டி என்று நான்கு வகை உண்டு. வருடாவருடம் மனிதர்களைப் படுக்க வைப்பவை ஏ-யும் பி-யும்தான். சி வந்தால் லேசான சளியோடு போய்விடும், டி முக்கியமாக மாடுகளுக்கு வருவது. ஏ வகைக்குள் இப்போது மனிதர்களிடம் சுற்றிக்கொண்டிருப்பவை எச்1என்1, எச்3என்2 என்ற இரண்டும். எச், என் என்பவை வைரஸின் மேற்பரப்பில் முள் முள்ளாக நீட்டிக்கொண்டிருக்கும் இரண்டு புரதங்கள். நம் எதிர்ப்புச் சக்தி வைரஸை அடையாளம் காண்பது பெரும்பாலும் இந்த முட்களை வைத்துத்தான்.

வைரஸ் தன்னைப் பிரதி எடுக்கும்போது நிறையப் பிழை விடும். அந்தப் பிழைகளால் முட்களின் வடிவம் கொஞ்சம் கொஞ்சமாக மாறும். பழைய சட்டையில் பட்டனையும் காலரையும் மாற்றிக்கொண்டு வருகிற ஆள் மாதிரி, போன வருடம் பார்த்த வைரஸ்தான் என்றாலும் உடம்பு சட்டென்று அடையாளம் கண்டுகொள்ளாது. அபூர்வமாக, பறவை அல்லது பன்றி வைரஸோடு மரபணுத் துண்டுகள் கலந்து, யாருடைய உடம்பும் அறியாத புது முள்ளோடு ஒன்று வரும். உலகத்தையே சுற்றி வளைக்கும் பெருந்தொற்றாக அது மாறும். 1957, 1968, 2009 ஆகிய வருடங்களில் அப்படித்தான் நடந்தது. 1918-இல் பரவிய எச்1என்1 உலகம் முழுக்கச் சுமார் 5 கோடிப் பேரைக் கொன்றதாக மதிப்பிடுகிறார்கள்.

பெருந்தொற்று இல்லாத சாதாரண வருடத்திலும் கணக்கு சின்னதில்லை. உலக சுகாதார நிறுவனத்தின் மதிப்பீட்டில் ஆண்டுக்குச் சுமார் 100 கோடிப் பேருக்கு ஃப்ளூ வருகிறது. அதில் 30 முதல் 50 லட்சம் பேருக்குக் கடுமையாகிறது, 2,90,000 முதல் 6,50,000 பேர் வரை மூச்சுக்கோளாறால் இறக்கிறார்கள். 'வெறும் ஃப்ளூதானே' என்று சொல்கிறவர்கள் இந்த எண்ணைப் பார்த்ததில்லை என்றுதான் நினைக்கிறேன்.

மூச்சுக்கோளாறு தவிர்த்து வேறு வழியில் போகிறவர்கள் இந்தக் கணக்கில் வரமாட்டார்கள். கனடாவின் ஒன்டாரியோ மாகாணத்தில் பரிசோதனையில் ஃப்ளூ உறுதியானவர்களின் பதிவுகளை ஆராய்ந்து 2018-இல் ஒரு முடிவு வெளியிட்டார்கள். ஃப்ளூ உறுதியான முதல் 7 நாளில் அவர்களுக்கு மாரடைப்பு வரும் வாய்ப்பு மற்ற நாள்களைவிடச் சுமார் 6 மடங்காக இருந்தது. இதய நோய் உள்ள பெரியவர் இருக்கும் வீட்டில் ஃப்ளூவை நெஞ்சுச் சளி விவகாரமாக மட்டும் பார்க்கக்கூடாது என்பதற்கு இது போதும்.

யாரைக் காக்க யாருக்கு ஊசி?

வீட்டில் ஆபத்து எல்லோருக்கும் சமமில்லை. கைக்குழந்தைகள், 5 வயதுக்குட்பட்டவர்கள் (குறிப்பாக 2 வயதுக்குள்), 65 வயது தாண்டியவர்கள், கர்ப்பிணிகள், ஆஸ்துமா, சர்க்கரை நோய், இதய நோய், சிறுநீரகக் கோளாறு உள்ளவர்கள், புற்றுநோய் சிகிச்சையில் இருப்பவர்கள், இவர்களுக்குத்தான் ஃப்ளூ முற்றி மருத்துவமனை வரை போகும். இவர்களிலும் 6 மாதம் நிரம்பாத குழந்தைக்குத் தடுப்பூசியே கிடையாது. வயதானவர்களுக்கு ஊசி உண்டு, ஆனால் உடம்பு அதற்குக் காட்டும் எதிர்வினை பலவீனமாக இருக்கும். அதனால்தான் 65 வயதுக்கு மேற்பட்டோருக்கென்று நான்கு மடங்கு மருந்துப்பொருள் கொண்ட ஊசி சில நாடுகளில் தனியாகத் தரப்படுகிறது.

அப்படியானால் மிகவும் காக்க வேண்டியவர்களைக் காக்கும் வேலை அவர்களைச் சுற்றி இருப்பவர்கள் கையில்தான் இருக்கிறது. இதற்கு நல்ல சாட்சி ஜப்பான். பெரும்பாலான நாடுகள் முதியோருக்கு ஊசி போட்டுக்கொண்டிருந்த காலத்தில் ஜப்பான் பள்ளிப் பிள்ளைகளுக்குப் போட்டது. 1977-இல் அதைக் கட்டாயமாக்கினார்கள். பிறகு எதிர்ப்பு எழுந்து 1987-இல் தளர்த்தி, 1994-இல் நிறுத்திவிட்டார்கள். நிறுத்திய பிறகு குளிர்காலங்களில் நாட்டின் சாவு எண்ணிக்கை ஏறத் தொடங்கியது. ஏறியது பிள்ளைகளின் சாவு அல்ல, பெரும்பாலும் முதியோரின் சாவு. பல பத்தாண்டுப் பதிவுகளைப் புரட்டி 2001-இல் வெளிவந்த ஆய்வு, அந்தத் திட்டம் ஆண்டுக்கு 37,000 முதல் 49,000 வரை சாவுகளைத் தடுத்திருக்கலாம் என்று கணித்தது. யாரும் திட்டமிட்டுச் செய்த சோதனை இல்லை என்பதால் அந்த எண்ணைச் சற்று எச்சரிக்கையோடு எடுத்துக்கொள்ளலாம்.

திட்டமிட்ட சோதனையும் ஒன்று இருக்கிறது. மேற்குக் கனடாவில் ஹட்டரைட் என்ற மதப்பிரிவினர் தனித்தனிக் குடியிருப்புகளாக, கூட்டுவாழ்க்கை வாழ்கிறார்கள். ஒரு குடியிருப்புக்குள் ஃப்ளூ நுழைந்தால் அது சுற்றும் பாதையைப் பார்ப்பது எளிது. 49 குடியிருப்புகளில், 3 முதல் 15 வயதுப் பிள்ளைகளுக்கு மட்டும் சிலவற்றில் ஃப்ளூ ஊசியும் மற்றவற்றில் ஒப்பிட்டுப் பார்ப்பதற்காகக் கல்லீரல் அழற்சி ஏ (ஹெபடைடிஸ் ஏ) ஊசியும் போட்டார்கள். பிள்ளைகளுக்கு ஃப்ளூ ஊசி போட்ட இடங்களில், ஊசி போடாத மற்றவர்களுக்கும் 61 சதவீதப் பாதுகாப்பு கிடைத்தது. 2010-இல் இது வெளியானது. பள்ளியிலிருந்து வீட்டுக்கு ஃப்ளூ வரும் வழியை அடைத்தாலே தாத்தா பாட்டிக்குப் பாதி வேலை முடிந்த மாதிரிதான்.

கைக்குழந்தைக்கு இன்னொரு வழியும் உண்டு. தாய் கர்ப்பமாக இருக்கும்போது போட்டுக்கொண்டால், அவள் உடம்பில் உருவாகும் எதிர்ப்பொருள் குழந்தைக்கும் போய்ச் சேர்கிறது. வங்கதேசத்தில் நடந்து 2008-இல் வெளியான ஆய்வில், அப்படிப் பிறந்த குழந்தைகளுக்கு முதல் 6 மாதத்தில் உறுதிசெய்யப்பட்ட ஃப்ளூ 63 சதவீதம் குறைவாக வந்தது. பிறந்த குழந்தைக்கு ஊசி இல்லை என்கிற இடைவெளியை இது ஓரளவுக்கு நிரப்பிவிடுகிறது.

ஊசியைப் பற்றிச் சொல்ல வேண்டியதை ஒளிக்காமல் சொல்லிவிடலாம். பரவும் வைரஸோடு நன்றாகப் பொருந்துகிற வருடங்களிலேயே அது நோயை 40 முதல் 60 சதவீதம்தான் தடுக்கிறது. பொருத்தம் தவறிய வருடங்களில் இன்னும் குறையும். எந்த வைரஸ் வரப்போகிறது என்பதை முன்கூட்டியே கணித்துத் தயாரிப்பதுதான் இதற்குக் காரணம். உலக சுகாதார நிறுவனம் பிப்ரவரியில் ஒருமுறை வட அரைக்கோளத்துக்கும் செப்டம்பரில் ஒருமுறை தென் அரைக்கோளத்துக்கும் ஊசியில் என்னென்ன இருக்க வேண்டும் என்று பரிந்துரைக்கும். தயாரித்து முடிக்க 6 மாதம் போல ஆகும், அதற்குள் வைரஸ் சும்மா இருக்குமா? சரி, பாதிதான் தடுக்கும் என்றால் எதற்குப் போட வேண்டும் என்று கேட்கலாம். ஊசியையும் மீறி நோய் வருகிறவர்களுக்கும் அது பெரும்பாலும் முற்றாமல் போகிறது. மருத்துவமனையும் தீவிர சிகிச்சையும் வரை போகிறவர்கள் குறைகிறார்கள். எனக்கு இதுவே போதுமான காரணம்.

ஊசி போட்டதால்தான் ஃப்ளூ வந்தது என்ற பேச்சும் விடாமல் சுற்றிக்கொண்டிருக்கிறது. வழக்கமான ஊசியில் இருப்பது செயலிழக்கச் செய்த வைரஸ் அல்லது அதன் புரதம் மட்டுமே. அதனால் ஃப்ளூவை உண்டாக்க முடியாது. கை வலி, ஒரு நாள் லேசான காய்ச்சல் வருவதுண்டு. பாதுகாப்பு முழுமையாக உருவாக சுமார் 2 வாரம் ஆகும். அந்த இடைவெளியில் வெளியே தொற்றிக்கொண்டவர்கள் பழியை ஊசி மேல் போட்டுவிடுகிறார்கள். மூக்கில் தெளிக்கும் தடுப்பு மருந்தில் மட்டும் வீரியம் குறைத்த உயிருள்ள வைரஸ் இருக்கும். அதனால் கர்ப்பிணிகளுக்கும் எதிர்ப்புச் சக்தி குறைந்தவர்களுக்கும் அதைத் தருவதில்லை.

நேரக் கணக்கு இங்கும் உண்டு. குளிர் நாடுகளில் ஃப்ளூ குளிர்காலத்தில் வரும். வெப்ப நாடுகளில் வருடம் முழுக்க இருக்கும், பல இடங்களில் மழைக்காலத்தில் ஏறும். உங்கள் பகுதியில் எப்போது ஏறுகிறதோ அதற்கு முன்பே போட்டாக வேண்டும். முதல்முறை போட்டுக்கொள்ளும் 9 வயதுக்குட்பட்ட பிள்ளைக்கு 4 வார இடைவெளியில் இரண்டு தவணை தேவை. அப்புறம் ஒரு 2 வாரம். ஆகமொத்தம் ஒன்றரை மாதம் முன்பே யோசிக்க வேண்டிய விஷயம் இது. பக்கத்து வீட்டில் இருமல் கேட்ட பிறகு ஓடுவது தாமதம்தான், என்றாலும் போடாமல் இருப்பதற்கு அது எவ்வளவோ மேல்.

ஓடாத காற்றில் மூன்று மணி நேரம்

ஃப்ளூ எப்படித் தொற்றுகிறது என்பதற்கு மருத்துவ உலகில் திரும்பத் திரும்பச் சொல்லப்படும் சம்பவம் 1977-இல் அலாஸ்காவில் நடந்தது. 54 பேர் இருந்த ஒரு சின்ன ஜெட் விமானம் புறப்படும்போது எஞ்சின் பழுதாகி 3 மணி நேரம் தரையிலேயே நின்றது. காற்றோட்ட அமைப்பு அப்போது ஓடவில்லை. உள்ளே ஒருவருக்கு மட்டும் ஃப்ளூ. அடுத்த 72 மணி நேரத்தில் பயணிகளில் 72 சதவீதம் பேர் படுத்துவிட்டார்கள். இதில் நாம் கவனிக்க வேண்டியது வேறொன்று. எவ்வளவு நேரம் விமானத்துக்குள் இருந்தார்களோ அதற்கேற்ப நோய் வந்தவர்களின் விகிதமும் கூடியது. இறங்கி வெளியே காத்திருந்தவர்கள் ஓரளவுக்குத் தப்பினார்கள்.

ஜன்னலை அடைத்த படுக்கையறையும் கிட்டத்தட்ட அந்த விமானம்தான். இருமினாலும் தும்மினாலும் மட்டும்தான் வைரஸ் வெளியே வரும் என்று நினைக்க வேண்டாம். வெறுமனே மூச்சு விடும்போதும் பேசும்போதும் காற்றில் மிதக்கும் நுண்துளிகளில் வைரஸ் இருப்பதை 2018-இல் வெளியான ஆய்வு காட்டியது. அதனால் வீட்டில் ஒருவருக்கு ஃப்ளூ என்று சந்தேகம் வந்தவுடன் முதல் வேலை காற்றுக்கு வழி விடுவது. எதிரெதிர் ஜன்னல்கள் இருந்தால் இரண்டையும் திறப்பது. முடிந்தால் அவருக்குத் தனி அறை, இல்லையென்றால் ஜன்னலுக்கு அருகில் படுக்கை. காற்று அறையிலிருந்து வெளியே போகிற மாதிரி மின்விசிறியை வைப்பது. மற்றவர்கள் அறைக்குள் போகும் நேரத்தைக் குறைப்பது. தனி அறைக்கு வசதியில்லாத வீடுகளில் ஜன்னலும் மாஸ்க்கும்தான் அந்த இடத்தை நிரப்பியாக வேண்டும்.

மாஸ்க் விஷயத்தில் ஹாங்காங்கில் 259 குடும்பங்களை வைத்து நடந்த ஆய்வு ஒன்று 2009-இல் வெளியானது. வீட்டில் ஒருவருக்கு ஃப்ளூ வந்ததும் சில குடும்பங்களுக்குக் கை சுத்தம் மட்டும், சிலவற்றுக்கு அதோடு மாஸ்க்கும் தந்து பார்த்தார்கள். எல்லாக் குடும்பங்களையும் சேர்த்துப் பார்த்தபோது பெரிதாக வித்தியாசம் தெரியவில்லை. நோய் தொடங்கிய 36 மணி நேரத்துக்குள் ஆரம்பித்தவர்களை மட்டும் பிரித்துப் பார்த்தபோது, கை சுத்தமும் மாஸ்க்கும் சேர்ந்த வீடுகளில் பரவல் கணிசமாகக் குறைந்திருந்தது. 'நாளைக்குப் பார்ப்போம், வெறும் சளியாகக்கூட இருக்கலாம்' என்று தள்ளிப்போடுவதன் விலை இதில் தெரிகிறது. நோயாளி, பக்கத்தில் போகிறவர் இருவரும் மாஸ்க் போடுவது நல்லது. 2 வயதுக்குட்பட்ட குழந்தைக்கு மட்டும் போடக்கூடாது, மூச்சுத் திணறும்.

கை விஷயம் சுவாரசியமானது. எஃகு, பிளாஸ்டிக் போன்ற வழவழப்பான பரப்புகளில் ஃப்ளூ வைரஸ் 24 முதல் 48 மணி நேரம் வரை தாக்குப்பிடிக்கும். நம் கையில் வந்தால் ஐந்து நிமிடம் தாண்டாது. அப்புறம் ஏன் கை இவ்வளவு முக்கியம்? ஏனென்றால் அந்த ஐந்து நிமிடத்துக்குள் கை முகத்துக்குப் போய்விடுகிறது. மருத்துவ மாணவர்களைப் படம் பிடித்து எண்ணிய ஆய்வு ஒன்றில், அவர்கள் மணிக்குச் சராசரியாக 23 முறை முகத்தைத் தொட்டார்கள். அதில் பாதிக்குச் சற்றுக் குறைவானவை கண், மூக்கு, வாய் பக்கம் போனவை. மருத்துவம் படிப்பவர்களே இப்படி என்றால் ஐந்து வயதுப் பிள்ளையைக் கேட்கவே வேண்டாம். முகத்தைத் தொடாதே என்று சொல்லிப் பயனில்லை. நோயாளி தொட்ட கதவுப்பிடி, ரிமோட், செல்போன், குழாய் ஆகியவற்றைத் துடைப்பதும், அவர் பக்கம் போய் வந்த கையோடு சோப்புப் போட்டுக் கழுவுவதும்தான் நடக்கிற காரியம். இந்த வைரஸைச் சுற்றி ஒரு கொழுப்பு உறை இருக்கிறது. சோப்பு அதைக் கரைத்துவிடும். விலை உயர்ந்த கிருமிநாசினி எதுவும் தேவையில்லை. சோப்பு கைவசம் இல்லாதபோது 60 சதவீத ஆல்கஹாலாவது உள்ள சானிட்டைசர் போதும்.

இந்த எளிய விஷயங்களுக்கு எவ்வளவு சக்தி என்பதை 2020, 2021 வருடங்கள் காட்டின. கொரோனாவுக்காக உலகமே முகத்தை மூடி, பள்ளிகளை அடைத்து, கூட்டங்களைத் தவிர்த்தபோது ஃப்ளூ ஏறக்குறைய காணாமல் போனது. பி வகையின் யமகாட்டா என்ற கிளை 2020 மார்ச்சுக்குப் பிறகு எங்கும் உறுதியாகக் கண்டறியப்படவே இல்லை. அதனால் ஊசியில் இருந்த நான்கு வைரஸ்களை மூன்றாகக் குறைக்கும்படி உலக சுகாதார நிறுவனம் சொல்லிவிட்டது. அப்படி வாழ்நாள் முழுக்க வாழ முடியாது, அது வேறு விஷயம். ஆனால் வீட்டில் ஒருவர் படுத்திருக்கும் ஐந்தாறு நாள் அப்படி இருக்கலாமே.

48 மணி நேர மருந்து

ஃப்ளூவுக்கென்றே மருந்து உண்டு என்பது பலருக்குத் தெரிவதில்லை. ஒசெல்டாமிவிர் அதில் அதிகம் பயன்படுவது. வைரஸ் பெருகிப் பரவுவதைத்தான் இது தடுக்கிறது. ஏற்கெனவே பெருகி முடிந்துவிட்டால் மருந்துக்கு வேலை குறைவு. அறிகுறி தொடங்கி 48 மணி நேரத்துக்குள் ஆரம்பிக்கச் சொல்வது இதனால்தான். நல்ல உடல்நிலையில் இருக்கும் இளைஞருக்கு இது காய்ச்சலை ஒரு நாள் போலக் குறைக்கும், அவ்வளவே. அவருக்கு அவசியம் என்று சொல்லமாட்டேன். ஆனால் மேலே சொன்ன ஆபத்துப் பட்டியலில் உள்ளவர்களுக்கு ஒரு நாள்கூடக் காத்திருக்காமல் மருத்துவரைப் பார்ப்பது நல்லது. பரிசோதனை முடிவு வரும் வரை காத்திருக்காமல் மருத்துவர் மருந்தைத் தொடங்கினால் ஆச்சரியப்பட வேண்டாம். உடனடிப் பரிசோதனைக் கருவிகள் ஃப்ளூ உள்ளவர்களில் பலரைத் தவறவிட்டுவிடும். 'இல்லை' என்று காட்டினாலும் இருக்கலாம். மருத்துவமனையில் சேர்க்கும் அளவுக்கு முற்றியவர்களுக்கு 48 மணி நேரம் தாண்டினாலும் தருவார்கள். ஆபத்தில் இருப்பவர் நோயாளியோடு நெருங்கி இருந்துவிட்டால், நோய் வருமுன்பே தடுப்பாகவும் சில சமயம் இதைத் தருவதுண்டு. பலோக்ஸாவிர் என்ற இன்னொரு மருந்து ஒரே வேளை போதும். நோயாளி அதை எடுத்துக்கொண்டால் வீட்டிலுள்ள மற்றவர்களுக்குப் பரவுவதும் ஏறத்தாழ 30 சதவீதம் குறைகிறது என்று 2025-இல் ஒரு ஆய்வு வெளியாகியிருக்கிறது.

ஆன்டிபயாட்டிக் வைரஸை ஒன்றும் செய்யாது. வீட்டில் மிச்சமிருக்கும் பழைய மாத்திரையை எடுத்துப் போட்டுக்கொள்வது வீண் என்பதோடு தீங்கும்கூட. பிள்ளைகளுக்கும் பதின்வயதினருக்கும் ஃப்ளூ காய்ச்சலில் ஆஸ்பிரின் தரவே கூடாது. கல்லீரலையும் மூளையையும் தாக்கும் ரேய் நோய்க்குறி என்ற அபூர்வமான, உயிரைப் பறிக்கக்கூடிய பாதிப்போடு அதற்குத் தொடர்பு உண்டு. காய்ச்சலுக்குப் பாராசிட்டமால், எடைக்கேற்ற அளவில். நிறையத் தண்ணீர், ஓய்வு.

எப்போது கிளம்ப வேண்டும்?

பெரும்பாலானோர் ஒரு வாரத்தில் எழுந்துவிடுவார்கள். இருமலும் சோர்வும் இரண்டு வாரம்கூட இழுக்கலாம், அதற்குப் பயப்பட வேண்டாம். வேகமாக மூச்சு வாங்குவது, மூச்சு இழுக்கும்போது குழந்தையின் விலா உள்ளே குழிவது, உதடு நீலம் பூப்பது, நெஞ்சு வலி, குழப்பம், எழுப்ப முடியாத மயக்கம், வலிப்பு, 8 மணி நேரமாகச் சிறுநீர் போகாத பிள்ளை, மருந்துக்கும் இறங்காத 104 டிகிரி பாரன்ஹீட் காய்ச்சல், இதில் எது வந்தாலும் உடனே கிளம்ப வேண்டியதுதான். 12 வாரம் நிரம்பாத குழந்தைக்குக் காய்ச்சல் என்றாலே போக வேண்டும், எவ்வளவு டிகிரி என்று பார்த்துக்கொண்டிருக்கத் தேவையில்லை. வயதானவர்களிடம் காய்ச்சலே இல்லாமலும் ஃப்ளூ வரும். திடீர்க் குழப்பமும் சாப்பிட மறுப்பதும் மட்டும் தெரியலாம்.

இவற்றையெல்லாம்விட ஏமாற்றும் அறிகுறி ஒன்று இருக்கிறது. நாலைந்து நாளில் காய்ச்சல் விட்டு, ஆள் தெளிந்து, வீடே நிம்மதி அடையும்போது, மறுபடியும் காய்ச்சல் ஏறி இருமல் முன்னைவிட மோசமாவது. ஃப்ளூ புண்ணாக்கிவிட்டுப் போன நுரையீரலில் பாக்டீரியா குடியேறி நிமோனியா ஆரம்பித்திருக்கலாம். 1918-இல் இறந்தவர்களில் பெரும்பாலோரைக் கொன்றது இந்த இரண்டாவது அடிதான் என்று அப்போதைய நுரையீரல் மாதிரிகளை மீண்டும் ஆராய்ந்தவர்கள் 2008-இல் சொன்னார்கள். அப்போது ஆன்டிபயாட்டிக் இல்லை, இப்போது இருக்கிறது. ஆன்டிபயாட்டிக் உண்மையிலேயே தேவைப்படும் கட்டம் இதுதான். ஆனால் அதை மருத்துவர் பார்த்துத்தான் தர வேண்டும்.

பள்ளிக்கோ வேலைக்கோ திரும்ப, காய்ச்சல் மாத்திரை இல்லாமலே 24 மணி நேரம் காய்ச்சல் வராமல் இருக்க வேண்டும். காலையில் மாத்திரை கொடுத்துக் காய்ச்சலை இறக்கிப் பள்ளிக்கு அனுப்பினால் மத்தியானம் அது திரும்பிவிடும், அதற்குள் வகுப்பில் நாலு பேருக்குப் போயிருக்கும். ஒருமுறை ஃப்ளூ வந்து போன வீட்டில் இனி இந்த வருடம் ஊசி எதற்கு என்று விட்டுவிடுவதும் சரியில்லை. வந்தது ஏ வகை என்றால், பல பகுதிகளில் பருவத்தின் பின்பாதியில் பி வகை தலைதூக்கும். குணமான பிறகு போட்டுக்கொள்ளலாம், அதற்குத் தடையில்லை.